விலைக் கணக்கும் விரிதாளும்: தேக்காவில் நாம் கற்ற பாடம்

“ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு” என்பது நம் முன்னோர் வழங்கிய மொழி. அளவறிந்து வாழ்தலின் சிறப்பை இதனினும் சுருக்கமாகக் கூறுதல் அரிது. ஆயினும், அளக்கும் முறையை அறியாதார்க்கு அம்மொழியால் விளையும் பயன் யாது? பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் நம் பெற்றோர் ஈட்டும் ஊதியத்தில் பெரியதொரு பங்கு மளிகைக் கடைக்கே செல்கின்றது. அங்ஙனம் செல்லும் காசு உரிய பொருளாகத் திரும்புகின்றதா என்பதை நம் மாணவச் செல்வங்கள் தாமே கணக்கிட்டு அறிதல் வேண்டும் எனக் கருதினோம். ஆகவே, நான்காம், ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்க்கு இவ்வாண்டு ஒரு புதிய பாடத்தைத் தொடங்கினோம். கடைகளின் விலைகளைக் கணினி விரிதாளில் எழுதி ஒப்பிட்டுப் பார்த்தலே அப்பாடம். அதனைப் பெற்றோரும் அறிந்துகொள்ளுமாறு இம்மலரில் விளக்குகின்றோம். அப்பாடத்தில் மாணவர் கற்றதைக் காட்டிலும் நாம் கற்றது அதிகம் என்பதையும் மறைக்காமல் கூறுவோம்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நாம் பயின்ற நாளில், “தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க” என்னும் கோட்பாட்டைப் பேராசான்கள் மீண்டும் மீண்டும் வற்புறுத்துவர். விரிதாள் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியாத பொருள். அவர்களுக்குத் தெரிந்த பொருள் எது? 555 புத்தகம்! உள்ளங்கையில் அடங்கும் அச்சிறு குறிப்பேட்டின் அட்டையில் 555 என்னும் எண் அச்சிடப்பட்டிருக்கும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மளிகைக் கடையில் கடனுக்குப் பொருள் வாங்கிய குடும்பங்கள் அதனை நன்கறியும். நாள், பொருள், தொகை என வரிசையாக எழுதி, சம்பள நாளன்று கூட்டிப் பார்ப்பர்.

விரிதாளும் அத்தகைய ஏடேயாகும். குறுக்கும் நெடுக்குமாகக் கோடிட்ட கட்டங்கள் அதில் உள்ளன. நெடுக்கு வரிசைகளுக்கு ஏ, பி, சி என எழுத்துகளும், குறுக்கு வரிசைகளுக்கு 1, 2, 3 என எண்களும் பெயராக அமையும். சி வரிசையும் 2-ஆம் வரிசையும் சந்திக்கும் கட்டம் சி2 எனப்படும். 555 புத்தகத்தில் கூட்டலை நாம் செய்ய வேண்டும். விரிதாளிலோ, செய்ய வேண்டிய கணக்கை ஒருமுறை எழுதிவிட்டால், எண் மாறுந்தோறும் விடையும் தானே மாறும். வேறுபாடு இவ்வளவே.

இக்கருவி பிறந்த வரலாறும் ஒரு வகுப்பறையிலேயே தொடங்குகின்றது. 1978-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் பயின்ற டான் பிரிக்லின் என்னும் மாணவர், ஆசிரியர் கரும்பலகையில் கட்டமிட்டுக் கணக்கெழுதுவதைக் கண்டார். ஓர் எண்ணை மாற்றினால், அதனைச் சார்ந்த எல்லா எண்களையும் அழித்து எழுத வேண்டியதாயிற்று. இவ்வேலையைக் கணினியே செய்தால் என்ன என்று அவர் எண்ணினார். பாப் பிராங்ஸ்டன் என்பாருடன் சேர்ந்து அவர் உருவாக்கிய ‘விசிகால்க்’ என்னும் மென்பொருள் 1979-இல் விற்பனைக்கு வந்தது. இன்று நாம் பயன்படுத்தும் எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபிஸ் கால்க் ஆகியவை எல்லாம் அதன் வழிவந்தவை. இவற்றுள் லிப்ரே ஆபிஸ் கால்க் விலையின்றிக் கிடைப்பதாகும்.

தேக்காவிற்குச் சென்றமை

விலைகளைத் திரட்ட மூன்று இடங்களைத் தெரிந்தெடுத்தோம். ஒன்று நம் தோட்டத்துக் கடை. மற்றொன்று பட்டணத்துப் பேரங்காடி. மூன்றாவது, கடல் கடந்த தேக்கா. நம் பெற்றோர் சிலர் சிங்கப்பூரில் வேலை செய்து, திரும்பும்போது அங்கிருந்து பொருள் வாங்கி வருவதுண்டு. “எல்லாம் தேக்காவில்தான் மலிவு” என்று கூறுவாரும், “அங்கே எல்லாம் நெருப்பு விலை” என்று கூறுவாரும் நம் தோட்டத்தில் உளர். இவற்றுள் எது மெய் என ஆராய்தல் நல்லதொரு கணக்கன்றோ? ஆகவே ஒரு சனிக்கிழமை விடியற்காலையில், 1924-இல் திறக்கப்பட்ட ஜொகூர்க் கடற்பாலத்தைப் பேருந்தில் கடந்து தேக்காவை அடைந்தோம்.

தேக்கா என்னும் பெயர், ‘சிறு மூங்கிலடி’ என்று பொருள்படும் ஹொக்கியன் சீனச் சொற்றொடரிலிருந்து வந்தது. இங்கிருந்த பழைய சந்தை 1915-இல் கட்டப்பட்டது. அதற்குக் கண்டாங் கெர்பாவ் என்று பெயர். மலாய் மொழியில் எருமைக் கொட்டில் என்பது அதன் பொருள். இன்றும் பக்கத்துத் தெருவொன்று பஃபலோ சாலை எனவே வழங்குகின்றது. 1982-இல் புதிய கட்டடம் ‘சூச்சியாவ் நிலையம்’ என்னும் மாண்டரின் பெயருடன் திறக்கப்பட்டது. எனினும் மக்கள் நாவில் தேக்காவே நிலைத்து நின்றமையால், 2000-ஆம் ஆண்டில் ‘தேக்கா நிலையம்’ என்னும் பெயரே சூட்டப்பட்டது. கீழ்த்தளத்தில் மீனும் இறைச்சியும் காய்கறியும் விற்கும் ஈரச் சந்தையும் உணவுக் கடைகளும் உள்ளன. மேல்தளத்தில் துணிக் கடைகளும் தையற்கடைகளும் உள்ளன.

மாணவரை நால்வர் நால்வராகப் பிரித்து, மூன்று விதிகளை வகுத்துக் கொடுத்தோம். கடைக்காரரிடம் வணக்கம் கூறி இசைவு பெற்ற பின்னரே விலையை எழுதுதல் வேண்டும். வாங்குவோர்க்கு வழி மறித்து நிற்றல் கூடாது. விலையை மட்டும் எழுதாமல், உறையின்மீது அச்சிட்டுள்ள நிகர எடையையும் எழுதுதல் வேண்டும். “அண்ணே, விலை எழுதிக்கொள்ளலாமா?” என்று பிள்ளைகள் தமிழில் கேட்க, கடைக்காரர்களும் தமிழிலேயே மறுமொழி கூறினர். முதியவர் ஒருவர், தம் இளமையில் எல்லாம் காத்திக் கணக்கில் நிறுத்து விற்கப்பட்டதை எடுத்துரைத்தார். ஒரு காத்தி என்பது பதினாறு தாகில். ஏறத்தாழ 605 கிராம். 1970-களில் இரு நாடுகளும் மெட்ரிக் அளவைக்கு மாறத் தொடங்கின. அளவை ஒன்றாக இல்லாதபோது விலையை ஒப்பிட இயலாது என்னும் முதற்பாடத்தை அம்முதியவரே நடத்திவிட்டார்.

அவ்வேளையில் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி ஓடி வந்தாள். “ஐயா, இங்கே ஒரு கிலோ துவரம்பருப்பு மூன்று வெள்ளிதான்! நம் பட்டணத்தில் எட்டு வெள்ளிக்கு மேல்!” என்றாள். மற்றவரும் கை தட்டினர். அவள் செய்த பிழை யாதென வாசிப்போர் உணர்ந்திருப்பீர்கள். நாம் அப்போது திருத்தவில்லை. விரிதாளே திருத்தட்டும் என்று விட்டுவிட்டோம்.

கட்டங்களை அமைக்கும் முறை

பள்ளிக்குத் திரும்பிய பின், கணினி அறையில் பாடம் தொடர்ந்தது. விலைகள் நாள்தோறும் மாறுவன ஆதலின், முறை விளங்கும் பொருட்டு எளிய எண்களை இங்குத் தருகின்றோம். இவற்றைக் குறிப்பிட்ட எந்தக் கடையின் விலையாகவும் கொள்ளற்க.

ஏ: கடை | பி: எடை, கிராமில் | சி: விலை | டி: நாணய மாற்று | ஈ: 100 கிராமின் விலை, ரிங்கிட்டில்
2. தோட்டத்துக் கடை | 500 | 5.00 | 1 | 1.00
3. பட்டணம் | 1000 | 8.80 | 1 | 0.88
4. தேக்கா | 1000 | 3.00 | 3.30 | 0.99

முதற்படி: முதல் வரிசையில் தலைப்புகளை எழுதுக.

இரண்டாம் படி: எல்லா எடைகளையும் கிராமாக மாற்றி எழுதுக. ஒரு கட்டத்தில் 500 என்றும், மற்றொன்றில் கிலோவைக் கருதி 1 என்றும் எழுதினால் விடை தாறுமாறாகிவிடும். மேலும், கட்டத்தினுள் எண்ணை மட்டுமே எழுதுக. “500 கிராம்” என்று எழுதினால் கணினி அதனைச் சொல்லாகக் கருதும்; விடைக்குப் பதிலாகப் பிழைக்குறியே தோன்றும். கிராம் என்னும் சொல் தலைப்பில் இருந்தாற் போதும்.

மூன்றாம் படி: ஈ2 என்னும் கட்டத்தில் முதலில் சமக்குறி இடுக. பின்னர் சி2 பெருக்கல் டி2 வகுத்தல் பி2 பெருக்கல் 100 என்னும் வாய்பாட்டை எழுதுக. பெருக்கலுக்கு உடுக்குறியையும், வகுத்தலுக்குச் சாய்கோட்டையும் பயன்படுத்துக. விடை 1.00 என வரும்.

நான்காம் படி: அக்கட்டத்தின் வலக்கீழ் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்து விடுக. மற்ற வரிசைகளுக்கும் வாய்பாடு தானே பொருந்திவிடும்.

இப்போது மேற்கூறிய மாணவி தன் பிழையைத் தானே கண்டாள். தேக்காவின் மூன்று வெள்ளி சிங்கப்பூர் வெள்ளி. ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு 3.30 ரிங்கிட் எனக் கொண்டால், அப்பருப்பு 9.90 ரிங்கிட் ஆகின்றது. மூவரில் மிகவும் மலிவு என்று அவள் எண்ணிய விலை, தோட்டத்துக் கடை விலையை ஒட்டியே நின்றது! மாற்று விகிதத்தை 3.00 என மாற்றிப் பார்க்கச் சொன்னோம். உடனே 0.99 என்பது 0.90 ஆயிற்று. தேக்கா மலிவா, விலை மிகுதியா என்னும் வினாவுக்கு நாணயம் மாறுந்தோறும் விடையும் மாறும் என்பதைப் பிள்ளைகள் கண்கூடாகக் கண்டனர்.

நம் தோட்டத்து முதியோர் இதனை நம்பத் தயங்குவதற்கும் காரணம் உண்டு. 1967 வரை மலேசியாவும் சிங்கப்பூரும் ஒரே நாணயத்தை வழங்கின. அதன்பின் தனித்தனி நாணயங்கள் வெளிவந்தபோதும், 1973 வரை அங்கு ஒரு வெள்ளிக்கு இங்கு ஒரு வெள்ளி எனச் சரிக்குச் சரியாக மாற்றிக்கொள்ள முடிந்தது. ஆகவே அவர்தம் நினைவு பொய்யன்று, காலம் மாறிவிட்டது.

பெரியது எப்போதும் மலிவா?

பெரிய மூட்டையை வாங்கினால் எடைக்கு எடை மலிவு என்பது பொதுவிதி. உறையிடும் செலவும் ஏற்றியிறக்கும் செலவும் குறைவதே காரணம். ஆயினும் விதிக்கு விலக்கும் உண்டு. நம் நாட்டில் அரசாங்க உதவித்தொகையுடன், நெகிழிப் பையில் அடைத்த ஒரு கிலோ சமையல் எண்ணெய் 2 ரிங்கிட் 50 சென்னுக்கு விற்கப்பட்டு வருகின்றது. ஐந்து கிலோப் புட்டியின் விலையை ஐந்தால் வகுத்துப் பாருங்கள். சிறிய பையே மலிவு என்பது புலனாகும். ஆகவே, ‘பெரியது’, ‘சலுகை விலை’ என்னும் சொற்களை நம்பாமல், வகுத்துப் பார்த்து நம்புதலே அறிவுடைமை.

இவ்வாறு ஒப்பிடுதலை நாம் மட்டும் செய்யவில்லை. 1971-இல் தோன்றிய சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கம், கடைகளின் விலைகளைக் கைப்பேசியில் ஒப்பிட்டுப் பார்க்க உதவும் ‘பிரைஸ் காக்கி’ என்னும் செயலியை 2019-இல் வெளியிட்டது. காக்கி என்பது மலாய்ப் பேச்சு வழக்கில் தோழரைக் குறிக்கும். நம் மலேசியாவிலும் உள்நாட்டு வாணிப அமைச்சின் ‘பிரைஸ் கேட்சர்’ செயலி அப்பணிக்கென்றே உள்ளது.

நாம் செய்த பிழை

இவ்வளவில் பாடம் வெற்றி பெற்றதெனக் கருதி மகிழ்ந்திருந்தோம். பெற்றோர் சந்திப்பு நாளன்று தாயார் ஒருவர் எம்மிடம் வந்தார். அவருடைய மகன் விரிதாளை வீட்டில் காட்டி, “அம்மா, நீங்கள் ஒவ்வொரு கிலோவாக அரிசி வாங்கி ஏமாந்து போகிறீர்கள்” என்று கூறினானாம்.

“ஐயா, பிள்ளை சொல்வது சரிதான். பத்துக் கிலோ மூட்டைதான் மலிவு என்று எனக்கும் தெரியும். கையில் பத்து வெள்ளி இருக்கும் நாளில் நாற்பது வெள்ளி மூட்டையை எப்படி வாங்குவது? அதற்கும் கணினியில் வழி உண்டா?” என்று அவர் கேட்டார்.

எம்மால் மறுமொழி கூற இயலவில்லை. அவர் சினந்து கேட்கவில்லை. அதனாலேயே அச்சொல் எம்மை மிகவும் வருத்திற்று. பொருளின் விலையை எழுதக் கற்பித்தோம்; வாங்குவோரின் கைப்பணத்தை எழுதக் கட்டம் அமைத்தோமில்லை. இல்லாமையை அறியாமை என்று ஒரு பிள்ளை தன் தாயிடமே கூற நேர்ந்ததற்கு நாமே பொறுப்பு. மறுநாள் வகுப்பில் அதனை வெளிப்படையாகக் கூறினோம்.

சில நாள் கழித்து, தோட்டத்துக் கடைக்காரரும் பள்ளிக்கு வந்தார். “ஐயா, பிள்ளைகள் என் கடை விலையை எழுதிப் போகிறார்கள். எழுதட்டும். ஆனால் சம்பளம் வரும்வரை பொறுத்திருக்கிறேனே, அதற்கும் ஒரு கட்டம் போடுங்கள்” என்றார். அவர் கூற்றும் நியாயமே. கடன் கொடுப்பவரின் பணம் ஒரு மாதம் பொருளாக நம் வீடுகளில் முடங்கிக் கிடக்கின்றது. சில வீடுகளில் ஒரு மாதத்திற்கும் மேலாக. அவ்வேற்றத்தாழ்வும் அவர் விலையில் அடங்கியுள்ளது.

எனவே விரிதாளில் மேலும் மூன்று நெடுக்கு வரிசைகளைச் சேர்த்தோம்: போய்வரும் செலவு, அன்று கையில் உள்ள பணம், கடன் கிடைக்கும் நாள்கள். இவற்றைச் சேர்த்த பின்னரே எமது பாடம் முழுமையடைந்தது.

கூடி வாங்குதல்

மீண்டும் அதே துவரம்பருப்பை எடுத்துக்கொள்வோம். தோட்டத்தில் ஒரு கிலோ 10.00 ரிங்கிட், பட்டணத்தில் 8.80. மிச்சம் 1.20. பட்டணத்துக்குப் போய்வர 6.00 ரிங்கிட் செலவானால், ஒரு வீட்டார் ஒரு கிலோவுக்காகச் சென்றால் 4.80 நட்டமே. பத்து வீட்டார் சேர்ந்து, ஒருவரை அனுப்பி வாங்கினால்? மிச்சம் 12.00, செலவு போக 6.00, வீட்டிற்கு 60 சென். இதே அளவு மிச்சம் தரும் நான்கு பொருள்களை அவ்வாறு வாங்கினால், மொத்த மிச்சம் 48.00, செலவு போக 42.00, வீட்டிற்கு 4.20. ஓராண்டில் அது 50.40 ரிங்கிட் ஆகும். ஒரு பிள்ளைக்குப் பள்ளிக் காலணி வாங்க அது உதவும். நாற்பது வெள்ளி மூட்டையை ஒருவர் வாங்க இயலாவிடினும், நால்வர் பத்துப் பத்து வெள்ளி போட்டு வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம் என்பதே அத்தாயாருக்கு விரிதாள் கூறிய மறுமொழி.

இது புதிய வழியன்று. 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் எளிய தொழிலாளர் சிலர் காசு சேர்த்து, மாவும் சர்க்கரையும் வெண்ணெயும் விற்கும் கடையைத் தொடங்கினர். இக்காலக் கூட்டுறவு இயக்கம் அதனை முன்மாதிரியாகக் கொண்டே உலகெங்கும் பரவிற்று. சிங்கப்பூரில் விலைவாசி ஏறிய 1973-ஆம் ஆண்டில், தொழிற்சங்கங்களின் கூட்டுறவால் தோபாயோவில் ‘வெல்கம்’ பேரங்காடி திறக்கப்பட்டது. அதுவே 1983-இல் மற்றொரு கூட்டுறவுடன் இணைந்து ஃபேர்பிரைஸ் ஆயிற்று. நம் தோட்ட மக்களுக்கோ இதனினும் அணுக்கமான சான்று உண்டு. 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பாட்டாளிகள் மாதந்தோறும் பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்தினர். அப்பணத்தால் தோட்டங்களையே விலைக்கு வாங்கினர். தோட்டத்தை வாங்க இயன்றவர்க்கு ஒரு மூட்டை அரிசியை வாங்க இயலாதா?

சம்பளத்தை அடுத்த ஞாயிற்றுக்கிழமையன்று ஏழு வீட்டார் முதன்முறையாக இவ்வாறு கூடி வாங்கினர். அவருள் அத்தாயாரும் ஒருவர். யார் எவ்வளவு கொடுத்தார், எவ்வளவு பெற்றார் என்னும் கணக்கை அவர் மகனே விரிதாளில் எழுதினான். மிஞ்சிய தொகை பெரிதன்று. ஆனால் இம்முறை அவன் எழுதிய தாளை அவன் தாயார் முழுவதும் பார்த்து, இரண்டு இடங்களில் திருத்தமும் சொன்னார். உடனே வேண்டிய பொருளுக்கு நம் தோட்டத்துக் கடையையே நாடுவது என்றும், நிலுவையைக் காலந்தாழ்த்தாமல் செலுத்துவது என்றும் அவ்வேழு வீட்டாரும் முடிவு செய்துள்ளனர்.

வீட்டுப் பயிற்சி

1. உளுந்து 400 கிராம் 4.40 ரிங்கிட்; ஒரு கிலோ 10.50 ரிங்கிட். 100 கிராமுக்கு எது மலிவு? எவ்வளவு மலிவு?

2. மேலே உள்ள கட்டத்தில் நாணய மாற்று 3.30-லிருந்து 3.10 ஆனால், தேக்காப் பருப்பின் விலை 100 கிராமுக்கு என்னவாகும்?

3. கூடி வாங்கும் கணக்கில், துவரம்பருப்பு ஒன்றையே வீட்டிற்கு ஒரு கிலோ வீதம் வாங்கினால், நட்டம் வராமலிருக்கக் குறைந்தது எத்தனை வீட்டார் சேர வேண்டும்?

4. உங்கள் வீட்டில் மலிவு என்று தெரிந்தும் வாங்க இயலாத பொருள் எது? காரணத்தை அம்மாவிடமோ பாட்டியிடமோ கேட்டு எழுதுக. இதற்கு விடை புத்தகத்தில் இல்லை, கேட்டறிதலே விடை.

முதல் மூன்றின் விடைகள்: ஒரு கிலோ உறை, 5 சென் மலிவு, 93 சென், ஐந்து வீட்டார்.

பெற்றோர் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளிக் கணினி அறை பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று. உங்கள் 555 புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள். விரிதாளில் எழுதும் முறையை உங்கள் பிள்ளைகளே உங்களுக்குக் கற்பிப்பார்கள். அவர்கள் அறியாத கணக்கை நீங்கள் அவர்களுக்குக் கற்பியுங்கள்.